இரண்டாம் நாள் தண்ணீர்

வடக்குமேடு கிளை அஞ்சலகம்,
மாமல்லபுரம் வழி
20.6.2024

அன்புத் தம்பி ஜெபசிங்குக்கு,

அக்கா ஜெனிஃபர் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நானும் மாமாவும் ஹெப்சியும் சுகம். கருங்குழியில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே காலம் தள்ளுகிறாயா என்று எழுது.

போனில் சொல்லித் தொலைக்கலாமே என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. என் ஆபீஸ் பையில் வருவதெல்லாம் பேங்க் நோட்டீசும் ஆதார் கார்டும்தான். போஸ்ட் மாஸ்டரின் தம்பியே கடிதம் போடவில்லை என்றால் இந்த ஆபீசை இழுத்துச் சாத்திவிடுவார்கள். தவிர, போனில் நீ "ம், ம்" என்பதைத் தாண்டி வாயைத் திறப்பதில்லை. கடிதத்திலாவது நாலு வரி எழுதுகிறாய்.

ஞாயிற்றுக்கிழமை நம் தெரு சர்ச்சின் ஐம்பதாம் வருஷப் பிரதிஷ்டைப் பண்டிகை குறையில்லாமல் நடந்தது. ஆயர் வந்தார், வெளியூரிலிருந்து நானூறு பேர் வந்தார்கள், பிரியாணி போட்டோம், சாப்பிட்டவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் இருந்தது. அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் இந்தக் கடிதம். மோட்டார் எரிந்துபோய் ஒன்பது நாளாகக் குழாயில் வெறும் காற்று வந்த தெரு இது. பண்டிகைக்கு முந்தின நாள் சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து உன் டேங்கர் லாரி வந்து நின்றபோது சனத்தின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீதான் தோப்பை விட்டு வெளியே வரவேயில்லை.

எதிர்வீட்டுக் காசியம்மாள் இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு என் தலையில் கை வைத்து உனக்கு ஆசீர்வாதம் சொன்னாள். "பெத்ததுங்க கூட இப்டி செய்யலம்மே. உன் தம்பி நல்லா இருக்கணும்" என்றாள். தெருவில் இப்போது என் பெயர் போஸ்ட் மாஸ்டர் இல்லை, தண்ணி வுட்டவர் அக்கா. எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருக்கிறது.

அது கம்பெனித் தண்ணீராயிற்றே, உன் வேலைக்கு ஒன்றும் குறைவு வரவில்லையே? உண்மையாகவே ஒன்றும் இல்லையே? ஒரு வரி எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா ஜெனிஃபர்

கருங்குழி
3.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜெபசிங் எழுதுவது. நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். டீ குறைந்திருக்கிறது. மெஸ் சாப்பாடு பரவாயில்லை.

நீ தெருவில் "எங்க ஆபீசர் தம்பி" என்று சொல்லிக்கொண்டு திரிவதாக மாமா போனில் சொன்னார். நான் ஆபீசர் இல்லை அக்கா. செங்கல்பட்டில் ஒரு மண் பரிசோதனைக் கம்பெனியில் குழி வெட்டி, அளந்து, எழுதிக் கொடுக்கும் ஆள். மனை பிரிப்பதற்கு முன் அந்த நிலம் எப்படிப்பட்டது, தண்ணீர் வடியுமா, கட்டடம் தாங்குமா என்று பார்க்கிற வேலை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தோப்பு ரிப்போர்ட் போய்விட்டது. முதலாளி ஹரிஹரன் சார் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அவர் அப்படிச் சொல்வது வருஷத்துக்கு ஒரு தடவை. வேலைக்கு ஒரு குறைவும் வரவில்லை. நீ அதையே இரண்டு தடவை கேட்டிருந்தாய். தண்ணீர் மிச்சமாகத்தான் இருந்தது. இனிமேல் அந்தப் பேச்சை யாரிடமும் எடுக்க வேண்டாம். கம்பெனி லாரி, யாராவது கேட்டால் தொந்தரவு.

ஹெப்சிக்கு என் முத்தம். மாமாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லவும்.

தம்பி,
ஜெபசிங்

வடக்குமேடு
8.8.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்கு மட்டும் சிறுசேரி டிரிப் ஓட்டி ஓட்டி முதுகு பிடித்துக்கொண்டது. பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் ஆபீசில் இறக்கிவிட்டு வந்து இங்கே குப்புறப் படுக்கிறார். நான் மிதிக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

சவுக்குத் தோப்பு போய்விட்டது. பதினோரு நாள் மிஷின் வைத்து அறுத்தார்கள். அதற்குள்ளிருந்த கீரிப்பிள்ளை ஒன்று என் ஆபீசுக்குள் வந்து தராசுக்கு அடியில் இரண்டு நாள் குடியிருந்தது. இப்போது லாரி லாரியாக மண் கொட்டுகிறார்கள். தோப்பு இருந்த இடம் நம் தெருவை விட இடுப்பளவு உயர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் நம் தெருத் தண்ணீர் தோப்பு ஓடை வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் போகும், உனக்குத் தெரியும். அந்த ஓடையையும் தூர்த்துவிட்டார்கள்.

மாமாவும் நாலு பேரும் போய்க் கேட்டார்கள். மனைக் கம்பெனி மேனேஜர் நல்ல மாதிரி. டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தாராம். முதலில் பிளானில் பெரிய வடிகால் இருந்ததாம். மண் பரிசோதனையில் இந்த மண் எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும் என்று வந்ததால் வடிகாலை எடுத்துவிட்டு ரோடுக்கு ரோடு உறிஞ்சுகுழி போட்டுவிட்டார்களாம். கவலையே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அது நீ குழி வெட்டிப் பார்த்த இடம்தானே? அந்த மண் அப்படிக் குடிக்குமா? மாமா உன்னைக் கேட்கச் சொன்னார். நீ சரி என்று எழுதிவிட்டால் தெருவில் சொல்லிவிடுகிறேன், உன் பேச்சுக்கு இங்கே மதிப்பு இருக்கிறது. காசியம்மாள் உனக்காகக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள். வந்து வாங்கிப் போ, தபாலில் அனுப்பினால் என்னை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள்.

அக்கா ஜெனிஃபர்

கருங்குழி
12.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகத்துக்கு ஜெபிக்கிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். மதுராந்தகத்தில் ஒரு சைட், சிறுசேரியில் ஒரு சைட் என்று அலைச்சல்.

நீ கேட்ட விஷயம். ரிப்போர்ட்டில் கடைசியாக என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. குழி வெட்டுவது மட்டும்தான் என் வேலை. மேலே மணல். மணல் தண்ணீரை இழுக்கும். பெரிய இன்ஜினியர்கள் பார்த்துத்தான் முடிவு செய்திருப்பார்கள். மாமாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும்.

கருவாட்டுக்கு நன்றி. இப்போதைக்கு வர முடியாது. அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

ஜெபசிங்

வடக்குமேடு
24.10.2024

தம்பி,

சுகம்தானே?

ஹெப்சியின் பிறந்தநாளுக்கும் நீ வரவில்லை. ஜூன் மாதத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் நீ எட்டியே பார்க்கவில்லை. பெண் பார்த்து வைத்திருக்கிறாயா, அல்லது எங்கள் மேல் ஏதாவது வருத்தமா?

போன வாரம் முதல் மழை. ஒரே ராத்திரி மழைக்கே தெருவில் கணுக்காலளவு நின்றது, வடிய இரண்டு நாள் ஆயிற்று. நீ எழுதியதைத் தெருவில் சொல்லியிருந்தேன். அதனால் யாரும் பெரிதாகப் பேசவில்லை. என்னைப் பார்த்து மட்டும் "இன்னா போஸ்ட்டம்மா, மணலு குடிக்கும்ன?" என்று ஒருவர் கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

எழுது.

அக்கா

வடக்குமேடு
12.12.2024

தம்பி,

நான் அக்டோபரில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. புயலுக்குப் பிறகு இரண்டு நிமிஷம் போன் செய்தாய், உயிரோடு இருக்கிறோமா என்று கேட்டாய், வைத்துவிட்டாய். இருக்கிறோம்.

வானத்திலிருந்து விழுந்ததை விடத் தோப்புப் பக்கத்திலிருந்து வந்த தண்ணீர்தான் அதிகம். உறிஞ்சுகுழி எல்லாம் நிரம்பி, மேட்டிலிருந்து சேறும் சகதியுமாகத் தெருவுக்குள் இறங்கியது. என் வீட்டிலும் ஆபீசிலும் தொடையளவு. தபால் பையை மின்விசிறியில் கட்டித் தொங்கவிட்டேன். சேமிப்புப் பாஸ்புக்குகள் பாதி ஊறிப்போய்விட்டன. சர்ச்சில் பண்டிகைக்கென்று போட்ட புதுத் தரை பெயர்ந்து வந்துவிட்டது. நாலு நாள் பள்ளிக்கூட மாடியில் இருந்தோம்.

காசியம்மாள் அரிசிப் பானையைத் தூக்கப் போய் வாசற்படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். இனிமேல் எழுந்து நடப்பது சந்தேகம் என்கிறார்கள். இப்போது கட்டிலில்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை போட்டு அவளைக் கழுவி விடுகிறோம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தவள் அவள்.

போன திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். இன்று சங்கரி என்று ஓர் இன்ஜினியர் அம்மா பார்க்க வந்தார். நேர்மையான அம்மா. சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். ஆனால் அவர் கையில் அந்த ரிப்போர்ட் இருக்கிறது. மண் நன்றாகக் குடிக்கிறது, வடிகால் தேவையில்லை என்று அதில் இருக்கும்வரை மனைக்காரர்களை வடிகால் வெட்டச் சொல்லித் தன்னால் உத்தரவு போட முடியாது என்கிறார். அது தப்பு என்று யாராவது எழுத்தில் காட்ட வேண்டுமாம். எங்களுக்கு ஒரு நகல் கொடுத்தார். கடைசியில் குழி அளவுகளைக் கையால் எழுதிய தாள் ஒன்று இருக்கிறது. அதையும் பார்த்தேன்.

நீ இந்த வேலையில் இருப்பவன். வந்து அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா?

அக்கா ஜெனிஃபர்

கருங்குழி
29.12.2024

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அந்தத் தாளை எழுதியது நான். அதில் பாதி பொய்.

தோப்பில் ஆறு குழி வெட்டினோம், ஒவ்வொன்றும் இடுப்பளவு ஆழம். முதல் நாள் அவற்றை நிரப்பி ஊறவிட வேண்டும். மறுநாள் அதே குழிகளை மறுபடி நிரப்பி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனை நிமிஷத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். காய்ந்த மண் முதல் நாள் எதை ஊற்றினாலும் குடித்துவிடும், பசியோடு இருக்கிறவன் முன்னால் சோற்றை வைத்த மாதிரி. இரண்டாம் நாள்தான் அதன் குணம் தெரியும். அந்தத் தோப்பில் மேலே இரண்டடி மணல், அதற்குக் கீழே கறுப்புக் களி. களி எப்படி என்று இரண்டாம் நாள் தண்ணீர்தான் சொல்லியிருக்கும். அந்த இரண்டாம் நாள் தண்ணீரைத்தான் உன் தெருவுக்கு அனுப்பினேன். மிச்சத் தண்ணீர் என்று எழுதினது பொய். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்றதும் பொய்.

தெருப் பெண்கள் நாலு பேரோடு நீ வந்து நின்றாய். நாளைக்குப் பண்டிகை என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு சொல் சொன்னால் ஒரு லாரி திரும்பும். டிரைவர் குமாரைக் கூப்பிட்டு "தெருவுக்கு வுடு" என்றேன். நீங்கள் எல்லோரும் லாரிக்குப் பின்னால் போன பிறகு ஒரு சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து, முதல் நாள் எண்களில் கொஞ்சம் கொஞ்சம் குறைத்து இரண்டாம் நாள் கட்டத்தில் எழுதினேன். எல்லாம் ஒரே மாதிரிக் குறைந்தால் சந்தேகம் வரும் என்று மூன்றாம் குழிக்கு மட்டும் நிறையக் குறைத்தேன். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி வேலை செய்தது.

இன்னொரு நாள் கேட்டிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஏன் கேட்கவில்லை என்பதை எழுதத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. தண்ணீர் எங்கே போனது என்று கேட்பார்கள். அந்தக் காலனிக்குக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும். ஏழு வருஷமாக அந்த ஆபீசில் நான் கருங்குழிக்காரன், அவ்வளவுதான். எந்தத் தெரு என்று யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் ஊர்ப் பேச்சு வந்தால் கை கழுவ எழுந்துவிடுவேன்.

முதல் நாள் ஹரிஹரன் சார் தோப்பைப் பார்க்க வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கை காட்டி அது என்ன இடம் என்று கேட்டார். "தெரியல சார், ஏதோ காலனி" என்றேன். உன் வீட்டுக் கொடியில் ஹெப்சியின் பள்ளிக்கூடப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. அது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

உங்கள் தாகத்துக்காகப் பொய் எழுதினேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. உங்களை மறைக்கத்தான் எழுதினேன். அதன் பலனை நீங்கள் அனுபவிக்கிறீர்கள், அந்தக் கிழவி அனுபவிக்கிறாள். கிறிஸ்துமஸ் அன்றைக்குச் சர்ச்சுக்குப் போனேன். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது அக்கா. வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

ஜெபசிங்

கருங்குழி
27.1.2025

அக்கா,

உனக்கு எழுதி நாலு வாரம் ஆகிறது. போன் அடித்தாலும் நீ எடுப்பதில்லை.

ஹரிஹரன் சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, வாயைத் திறந்தால் உன்னோடு சேர்ந்து பதினாலு பேர் வேலையும் போகும், பேசாமல் இரு, உன்னை வேறு பக்கம் மாற்றிவிடுகிறேன் என்றார். கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். நான் பேசாமல்தான் இருக்கிறேன். அது எனக்கு நன்றாகப் பழகின வேலை.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். திட்டியாவது ஒரு வரி எழுது. காசியம்மாள் எப்படி இருக்கிறாள்?

ஜெபசிங்

வடக்குமேடு
18.2.2025

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும், அதனால் விட்டுவிடுகிறேன். ஊருக்கெல்லாம் தபால் கொடுக்கிறவள் தனக்கு வந்ததற்கு ஏழு வாரமாகப் பதில் போடவில்லை.

கோபம் என்று நினைத்திருப்பாய். இருந்தது. மாவு அரைக்கும்போதும் முத்திரை குத்தும்போதும் "ஏதோ காலனி" என்ற சொல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டு வயதில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்து, இங்கே சோறு தின்று வளர்ந்தவன் நீ. ஆனால் கோபம் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. அதற்குப் பிறகு என்னை எழுதவிடாமல் செய்தது வேறு.

அன்றைக்குக் குமார் லாரியைத் திருப்பி நிறுத்திவிட்டு, பைப்பைத் திறப்பதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "யக்கா, இது குழில ஊத்த வச்ச தண்ணி. ஊத்தலன்னா உன் தம்பி வேல கெட்டுப்பூடும். பாத்துக்கோ" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மண்ணுக்கா தாகம் எடுக்குது? ஊத்துடா இந்த டிரம்முல" என்றேன். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. என் தம்பி சொன்னால் லாரி வரும் என்று அதற்கு முந்தின நாளே எல்லோரிடமும் வாய்விட்டிருந்தேன், அந்தப் பெருமை போய்விடக் கூடாது.

அதனால்தான் குறைவு வரவில்லையே என்று உன்னைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ இல்லை என்று எழுதினதும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. டிசம்பரில் அந்தத் தாளைப் பார்த்த நிமிஷமே உன் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். தெரிந்தும் தெரியாத மாதிரி உன்னை வரச் சொல்லி எழுதினேன். நீயே வந்து ஒப்புக்கொண்டால் என் பங்கு வெளியே வராது என்று நினைத்தேன். தினமும் காலையில் காசியம்மாளைத் துடைத்துவிட்டு வந்துதான் இதையெல்லாம் நினைத்தேன். என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்காதே. மூத்தவள் என்று கேட்கிறாய், எனக்கு அந்தத் தகுதி போய்விட்டது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மே மாதம் மனைகளில் வீடு கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வடிகால் வெட்ட நினைத்தாலும் இடம் இருக்காது. அளவு எடுத்தவர் எழுத்தில் கொடுத்தால் மறுபரிசோதனைக்கு உத்தரவு போடுவேன் என்று சங்கரி அம்மா சொல்லியிருக்கிறார். திங்கள்கிழமைகளில் அவர் செங்கல்பட்டில் இருப்பார்.

அக்கா ஜெனிஃபர்

கருங்குழி
20.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் ஹெப்சியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் அழுதேன். உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. லாரியைத் திருப்பினது நான்தான்.

பத்தாம் தேதி போனேன். இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விசாரிக்க உடனே ஹரிஹரன் சாரையும் கூப்பிட்டனுப்பினார்கள். சங்கரி அம்மா எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அன்னைக்கு அந்தத் தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

"எங்க அக்கா தெருவுல மேடம். வடக்குமேடு காலனி. நான் வளந்த தெரு."

ஹரிஹரன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏழு வருஷம் பயந்த பார்வை அது. ஒரு நொடிதான் இருந்தது. பிறகு தன் பேப்பரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இதற்காகவா இவ்வளவும் என்று எனக்கு அங்கேயே கூசிப்போயிற்று. உன் பெயரையும் குமார் பெயரையும் நான் எடுக்கவில்லை.

வேலை போய்விட்டது. மதுராந்தகத்தில் ஒரு நெல் மண்டியில் மூட்டை எடை எழுதுகிறேன். முள்ளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

மறுபரிசோதனைக்கு வேறு கம்பெனி வரும். என்னை அந்தப் பக்கம் விடமாட்டார்கள், அது நியாயம். இப்போது வெயில் காலம், ஒன்று சொல்லி வை. முதல் நாள் தண்ணீர் மளமளவென்று இறங்கும். அதைப் பார்த்துவிட்டு யாரும் மனம் விட்டுவிட வேண்டாம். இரண்டாம் நாள் வரைக்கும் பொறுக்கச் சொல்.

ஒரு வேண்டுகோள். காசியம்மாளைப் பார்க்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின நாள் கடைசி பஸ்ஸில் வருகிறேன். பார்த்துவிட்டு விடியற்கால ஆராதனைக்கு மணி அடிப்பதற்குள் கிளம்பிவிடுகிறேன். தெருவில் ஒருவர் கண்ணிலும் படமாட்டேன். உனக்கும் மாமாவுக்கும் சங்கடம் இருக்காது.

தம்பி,
ஜெபசிங்

வடக்குமேடு
9.4.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே நாங்கள் சுகம். மண்டித் தூசி உனக்கு ஆகாது, மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்.

போன வாரம், கொட்டிய மண்ணைத் தாண்டிக் குழி வெட்டிப் பரிசோதனை நடந்தது. நீ சொன்ன மாதிரியே முதல் நாள் ஊற்ற ஊற்ற இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் முகத்தில் சிரிப்பு. தெருச் சனம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிவிட்டது. உன் தம்பி இதிலும் பொய் சொல்லிவிட்டானா என்று மாமா என்னைக் கேட்டார். இரண்டாம் நாள் வரைக்கும் பொறுக்கச் சொல்லி நீ எழுதியதை மறுபடி சொன்னேன். மறுநாள் காலை பத்து மணிக்கு நிரப்பினார்கள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. சாயங்காலம் சங்கரி அம்மா அளவுகோலை வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டார். வடிகால் வெட்டி முடித்த பிறகுதான் ஒரு செங்கல் வைக்கலாம் என்று உத்தரவு வந்திருக்கிறது. நேற்று ஓடை இருந்த இடத்தில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பெண்கள் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ செய்ததையும் சொன்னேன், குமார் என்னிடம் சொன்னதையும் நான் அவனுக்குச் சொன்னதையும் சொன்னேன். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எழுந்து ஒவ்வொருவராகப் போனார்கள். மூன்று நாளாக ஆபீசுக்கு ஈ காக்கை வரவில்லை. மாமா இன்னும் உன் பெயரை எடுப்பதில்லை. என்னோடும் தேவைக்குத்தான் பேசுகிறார்.

காசியம்மாளுக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கட்டிலில் படுத்தபடியே, "அந்தத் தண்ணில நானும்தான் ரெண்டு கொடம் புட்ச்சேன். அந்தப் புள்ளைய மட்டும் இன்னாத்துக்குத் திட்டிகினு கீறீங்க" என்று கேட்டாளாம். இது அவர்களிடம் சொன்னது. நான் போய் நின்றபோது என் பக்கம் திரும்பவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்கவில்லை. நின்றுவிட்டு, அவள் துணிகளை எடுத்துக்கொண்டு வந்து துவைத்தேன். தினமும் அப்படித்தான் போகிறது.

கடைசி பஸ்ஸில் வராதே. அப்படித்தான் வருவேன் என்றால் நீ வரவே வேண்டாம். ஈஸ்டர் அன்றைக்குக் காலை ஆராதனை பதினொரு மணிக்கு விடும். அதே நேரத்துக்கு மாமல்லபுரத்திலிருந்து ஒரு பஸ் வருகிறது. அதில் வா. அப்போது தெரு முழுக்க சனம் நிற்கும். முனையில் இறங்கி, நடுத்தெருவில் நடந்து வா. சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒன்றிரண்டு பேர் ஏதாவது சொல்வார்கள், நின்று கேட்டுக்கொள். நான் சர்ச் வாசலிலிருந்து எதிரே வருவேன், என்னையும் சொல்வார்கள்.

யாராவது வெளியூர் விருந்தாளிகள் உன்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டால், கை கழுவ எழுந்து போய்விடாதே. இந்தத் தெரு என்று சொல்.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா ஜெனிஃபர்